வைஷா பாலத்தைத் தாண்டி

"அமுக்குங்க. விடுங்க. நீங்க எப்பிடி மூச்சு விடுறீங்களோ அப்பிடித்தான். அழுதீங்கன்னா உங்க மூச்சு ஓடும், கையும் சேந்து ஓடும். அதனால இப்ப அழாதீங்க" என்று அந்த நர்ஸ் தியனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி குய்லானின் மூக்கையும் வாயையும் ஒரு முகமூடி மறைத்திருந்தது. அதிலிருந்து சின்னப் பூசணிக்காய் அளவில் ஒரு ரப்பர் பை. தியன் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எங்கே உடைத்துவிடுவோமோ என்பதுபோல அமுக்கினான். அவளுடைய மார்பு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. இடையில் அவளும் தானாக ஒரு மூச்சு இழுத்தாள். நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. "அவங்க மூச்சு வர்றப்போ நீங்க குறுக்க போகாதீங்க. வழிவிடுங்க" என்றாள் நர்ஸ். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். அவள் கண்களும் சிவந்திருந்தன.

நான் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பெயர் சுவா. எங்கள் தர்மசபையின் வண்டியை ஓட்டுகிறேன். முற்காலத்தில் பாலம் கட்டிய ஒரு துறவியைக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். ஆளில்லாதவர்களுக்குச் சவப்பெட்டி கொடுப்பதும், வெள்ளம் வந்தால் கஞ்சி காய்ச்சுவதும், இப்படி ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எங்கள் வேலை. எங்கள் பக்கத்தில் கடைசி மூச்சு வீட்டில்தான் போகவேண்டும். வெளியில் உயிர் போய்விட்டால் அந்த உடம்பை ஊர் வாசலுக்குள் விடமாட்டார்கள். அது எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. ஊருக்கு வெளியே கூரை போட்டு, அங்கேயே எல்லாவற்றையும் முடிப்பார்கள். அதனால் என் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான். மூச்சு இருக்கும்போதே வாசற்படியைத் தாண்டவைப்பது.

தியனும் குய்லானும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. தூரத்து மேற்கே, குய்ச்சோ மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அங்கே இருந்த வீட்டின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. இங்கே எங்கள் செங்ஹாயில் லாவ் குடும்பத்தின் பழைய முற்றத்து வீட்டில், ஓரத்து அறை ஒன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகள் வடக்கே நிங்போவில் வேலை செய்கிறாள். செய்தி கேட்டு ரயிலேறிவிட்டாள். நாளைக் காலையில் வருவாள். "அவ வந்து எறங்கினா வீட்டுக்கு வரணும் அண்ணே. பொணம் வைக்கிற எடத்துல வந்து நம்பர் சொல்லி அம்மாவப் பாக்கக்கூடாது" என்றான் தியன். அவன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம். வாடகை வீடு என்றால் கட்டாயம் கேட்கவேண்டும். தியன் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். வீட்டுக்காரம்மா குவாட்கிம் எடுத்தாள். கணவனை இழந்தவள், அறுபது வயது இருக்கும். "கொண்டாங்க, ரூமக் கழுவி வச்சிருக்கேன், புதுப் பாய் போட்டிருக்கேன்" என்றாள். அதற்குள் போனை யாரோ வாங்கினார்கள்.

"டிரைவரா? நான் ஹாக்செங். அவங்க கொழுந்தன். வீட்டுல பாதி எனக்கு" என்றது ஒரு கனத்த குரல். பின்னால் வாத்துகள் கத்துவது கேட்டது. "மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"இருந்தா வா. நான் குறுக்க நிக்கல. ஆனா வழியில போயிடுச்சுன்னா அப்பிடியே வண்டியத் திருப்பிடு. அடுத்த மாசம் அதே வீட்டுல என் பையனுக்குக் கல்யாணம். குளுந்த ஒடம்ப வாசலுக்குள்ள விட்டீங்களான்னு பொண்ணு வீட்டுல கேட்டா, எங்க அண்ணி அழுதாங்க, அதனால விட்டேன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுதான்."

"உனக்குப் புரியுது. அண்ணிக்குத்தான் புரியாது. அவங்களுக்குத் தெருவுல போற பூனையும் சொந்தக்காரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் பேசியதில் தப்பில்லை. ஒரு கல்யாணத்தைக் கெடுக்காமல் காப்பதும் ஒரு தகப்பனுடைய தர்மம்தான். எனக்கும் மகன்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. வெளியே வந்ததும் ஷான்தோ நகரத்தின் மொத்த அகலமும் வெயிலில் கிடந்தது. எதிர்க்கரையில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், நடுநீரில் சரக்குக் கப்பல்கள், அவற்றுக்கு மேலே கயிற்றில் தொங்கும் பெரிய பாலம். தூரத்தில் கடலுக்குள் நட்டுவைப்பதற்காகக் காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை போய்க்கொண்டிருந்தது. அந்த இறக்கை ஒவ்வொன்றும் எங்கள் தெரு நீளம் இருக்கும். நான் பிறந்தபோது இந்தக் கரையில் மீன் வலைகள்தான் காய்ந்தன. இப்போது இங்கே செய்யாத பொருள் இல்லை. உலகத்தில் எந்த வீட்டில் ஒரு குழந்தை பொம்மைக்காக அழுதாலும், அந்தப் பொம்மை எங்கள் செங்ஹாயிலிருந்து போயிருக்கக்கூடும்.

குய்லானைப் பின்னால் படுக்கவைத்துக் கட்டினோம். தியன் அவள் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து பையை எடுத்துக்கொண்டான். நான் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வண்டி ஓட்டும்போது நான் வழி சொல்லிக்கொண்டே போவேன். திருப்பம் வந்தால் திருப்பம் என்பேன், பாலம் வந்தால் பாலம் என்பேன். இந்த நிலையில் இருக்கிறவர்களின் உயிர் உடம்போடு ஒட்டி வருகிறதா, இல்லை ஒரு அடி பின்னால் நடந்து வருகிறதா என்று யாருக்குத் தெரியும். நடந்து வந்தால், தெரியாத தெருவில் தங்கிவிடக்கூடாது. தண்ணீரைக் கண்டு மிரண்டு நின்றுவிடக்கூடாது. எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனார். "குய்லான், இடது பக்கம் திரும்புறோம். இது கடற்கரை ரோடு. பயப்படாம வா. இப்ப நேரா போறோம்" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டு போனேன்.

இரண்டு மூன்று சிக்னல் தாண்டியதும் பின்னாலிருந்து தியன் கூப்பிட்டான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு உங்க பேச்சு வராது."

"இத்தன வருஷமாவா?"

"மீன் வெல தெரியும். திட்டுற வார்த்த கொஞ்சம் தெரியும். கம்பெனியில எல்லாரும் எங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்கதான. உங்க ஜனங்க மொதலாளி, எங்க ஜனங்க மெஷின். பேசிக்க என்ன இருக்கு?" சிரிக்கிற மாதிரிதான் சொன்னான்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இதுவரை எத்தனையோ வெளியூர்க்காரர்களை இந்த வண்டியில் கொண்டுபோயிருக்கிறேன். எல்லோருக்கும் என் பேச்சிலேயே வழி சொல்லியிருக்கிறேன். கடவுளுக்கு எல்லாம் புரியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் வழி கேட்டு நடந்து வருவது கடவுள் இல்லையே.

"அப்ப நீங்க சொல்லுங்க. அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு ரோடு பேரெல்லாம் தெரியாதுண்ணே. பஸ்ஸுல ஏறுவோம், எறங்குவோம்."

"பேரு எதுக்கு. அவங்களுக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லுங்க."

பையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் தன் ஊர்ப் பேச்சில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் பேசுகிற குரலில் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற பொதுப் பேச்சுக்குக் கிட்டத்தில் இருந்ததால் எனக்கும் பெரும்பாலும் புரிந்தது.

"குய்லான், இது நாம மொதல் மொதல்ல பஸ்ஸவிட்டு எறங்கின எடம். நீ வாந்தி எடுத்தியே ஒரு மரத்தடியில, அந்த மரம் இப்ப இல்ல. பெரிய கடை கட்டிட்டான். ஆனா எடம் அதுதான், இங்கேருந்து பாதை உனக்குத் தெரியும். வா." சற்றுப் பொறுத்து, "இது உன் ஸ்வெட்டர் கம்பெனி. மூடிட்டாங்க, போர்டுகூட இல்ல. மாடியில அந்த நீலத் தகரம் இன்னும் இருக்கு பாரு. வேல முடிஞ்சு வந்தா மூக்கத் தொடச்சா அன்னைக்கு என்ன கலர் நூலுன்னு தெரியும்னு சொல்லுவியே, அந்த எடம்." அப்புறம், "இங்க தாண்டிதான் மிட்டாய்க் காகிதம் அச்சடிக்கிற கம்பெனி. நான் ஒரு வருஷம் இருந்தேன். நீ ஞாயித்துக்கிழமை வாசல்ல வந்து நிப்ப. உள்ள கூப்பிட்டா வரமாட்ட. இப்பவும் நிக்காத, வா, போகலாம்."

இந்த ரோட்டில் நான் ஐம்பது வருஷமாகப் போய்வருகிறேன். என் மனதில் இது வேறு ரோடு. அந்தத் திருப்பத்தில் எங்கள் மாமனார் வீடு, அதைத் தாண்டி என் மகனுக்குப் பெயர் வைத்த கோயில், கல்யாணத்துக்கு வாத்துக்கறி வாங்குகிற கடை. தியன் சொன்னதில் இது ஒன்றுமே இல்லை. அவன் சொன்ன கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் பட்டிருக்கும், மனதில் பட்டதில்லை. ஒரே தார் ரோட்டுக்கு மேலே இரண்டு ஊர்கள் இருந்திருக்கின்றன. இவர்கள் இருபது வருஷம் ஒன்றில் நடந்திருக்கிறார்கள், நான் இன்னொன்றில் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

சின்ஜின் ஆற்றுப் பாலம் வந்தது. "தம்பி, பாலம்" என்றேன்.

"குய்லான், பாலம். இது சின்னதுதான். சைக்கிள்ல உன்னப் பின்னாடி வச்சு மிதிச்சு, செயின் அறுந்து தள்ளிட்டே போனோமே, அந்தப் பாலம். அன்னைக்கு எறங்கி நடந்த மாதிரி நடந்து வா."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் தானாக ஒரு மூச்சு இழுத்தாள். தியன் நர்ஸ் சொன்னதுபோலக் கையை நிறுத்தி அதற்கு வழிவிட்டான். பிறகு தொடர்ந்தான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை அவள் தலைமுடியில் சொட்டியது. அவன் முழங்கையால் அதைத் துடைக்கப் பார்த்தான், எட்டவில்லை.

அதற்குப் பிறகு ஊறவைத்த பழம் செய்கிற கம்பெனியின் வாசனை வந்தது. அதிமதுரமும் உப்பும் கலந்த வாசனை. அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தெரியும். "பிளம் வாசன வருதா?" என்று தியன் அவளிடம் கேட்டான். "மாசமா இருக்கறப்போ இந்த வாசனைக்காகவே நடந்து வருவ. வாங்கித் தரட்டுமான்னா வேணாம், வாசனையே போதும், காசில்லன்னு சொல்லுவ. நான் வாங்கியே குடுத்திருக்கணும்." அந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் கலைந்தது. அமுக்குகிற வேகமும் கூடியது. நான் முன்னாலிருந்து, "தம்பி, மெதுவா" என்று மட்டும் சொன்னேன். அவன் மூச்சை இழுத்துவிட்டு மெதுவானான்.

வைஷா ஆறு அகலமானது. அந்தப் பாலத்தில் ஏறினால் வலது பக்கம் ஆற்றின் வாயும் அதற்கப்பால் கடலும் தெரியும். அன்றைக்கு நீர் கலங்கி, வெயில் பட்டு, பழுப்புப் பட்டுத்துணி மாதிரி அசைந்தது. மீன் வளர்க்கிற கம்பங்கள் வரிசையாக நின்றன. "தம்பி, பெரிய பாலம்" என்றேன்.

"குய்லான், பெரிய பாலம். இதத் தாண்டிட்டா நம்ம ஊருதான்" என்றான் தியன். 'நம்ம ஊர்' என்று அவன் செங்ஹாயைச் சொன்னான். "அந்தப் பக்கம் பாரு, கடலு. நாம வந்தப்ப இதப் பாத்துட்டு, இவ்வளவு தண்ணி இருக்கு, ஒரு நெல்லுகூட நடமுடியாதான்னு கேட்டியே." இதைச் சொல்லும்போது அவன் தன்னை மறந்து ஒரு கையை எடுத்து ஜன்னலைக் காட்டினான். கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மார்பு அசையவில்லை. தியனும் அதைப் பார்த்தான். நீட்டிய கையோடு குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூட்டைகள் ஏற்றிய ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப்போனது. அவள் மூச்சு இழுக்கவில்லை.

தியன் கையைத் திரும்பப் பையில் வைத்தான். அமுக்கினான், விட்டான். மார்பு உயர்ந்தது, தாழ்ந்தது. "பாலம் முடியப்போகுது, குய்லான்" என்றான். குரலில் மாற்றமே இல்லை. "காத்து அடிக்குது, கம்பியப் பிடிச்சுக்கிட்டு வா." அவன் ஒருமுறை தலையைத் தூக்கிக் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்தான். நான் பார்வையை ரோட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

பாலம் முடிகிற இடத்தில் வலப்பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. அதில் இறங்கினால் பாலத்துக்கு அடியில் சுற்றி, வந்த வழியே திரும்பிவிடலாம். ஹாக்செங்குக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்றாலும், கொடுத்த மாதிரிதான். தர்மசபை வண்டியை நம்பி ஊர்கள் வாசலைத் திறக்கின்றன. அந்த நம்பிக்கையை நான் கெடுத்தால் நாளைக்கு வேறு ஒருவருக்கு வாசல் அடைக்கப்படும். அதே நேரம், மூடிய ஒரு ஸ்டீல் பெட்டிக்கு முன்னால் நம்பர் சொல்லி நிற்கப்போகிற அவர்கள் மகளையும் நினைத்தேன். அவளை நான் பார்த்ததுகூட இல்லை. பாலம் கட்டிய எங்கள் துறவியிடம், 'ஐயா, நான் டாக்டர் இல்லை, டிரைவர். கண்ணாடியில் பார்த்தது எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது' என்று சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்த வளைவைத் தாண்டி நேராக ஓட்டினேன்.

செங்ஹாய்க்குள் நுழைந்தோம். கட்டடங்களின் உச்சியில் பெரிய பெரிய பிளாஸ்டிக் ரோபோக்கள், டைனோசர்கள் நிற்கின்றன. வீடு வீடாகக் கீழ்த்தளத்தில் மோல்டிங் மெஷின்கள் தட்டிக்கொண்டிருந்தன. "குய்லான், பொம்மக் கம்பெனி வந்துருச்சு. உன் கண்ணு கம்பெனி. இங்கதான் எட்டு வருஷம் பொம்மைக்குக் கண்ணு வச்ச. படுக்கவச்சா மூடும், நிக்கவச்சா தெறக்கும், ஒண்ணுகூட கோணக்கூடாது. இப்ப மெஷின் வைக்குது. அதுல ரெண்டுக்கு ஒண்ணு கோணல்தான்னு நீயே சொல்லுவியே. இங்கேருந்து நடந்தாலே வீடு." அவன் பேசிக்கொண்டே வந்தான், கையும் ஓய்வில்லாமல் நடந்துகொண்டே வந்தது.

லாவ் வீட்டுத் தெரு குறுகலானது. வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். முற்றத்தில் பெண்கள் குந்தியிருந்து பொம்மைக் கார்களுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் கூடைகளைச் சுவரோரம் இழுத்து வழிவிட்டார்கள். குவாட்கிம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாசற்படியின் நடுவே, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஹாக்செங் நின்றான். பெரிய உடம்பு. எங்கள் பக்கத்துச் சிங்கத்தலை வாத்து வளர்க்கிறவன் என்று பூட்ஸைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க. தர்மசபை வண்டி வந்தா எங்க தெருவுல நாய்கூட கொரைக்காது. அவ்வளவு மரியாதை" என்றான்.

"தம்பி, வாய மூடிட்டுக் கையக் குடு, தூக்கணும்" என்றாள் குவாட்கிம்.

"இருங்க அண்ணி. பாத்துட்டு."

"என்னத்தப் பாக்கப்போற. நீ என்ன வைத்தியனா?"

"வைத்தியனா இருந்தா ஆயிரம் படிச்சுப் பாக்கணும். எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். நான் பாக்காம விட்டா நம்ம பாட்டன் மேலேருந்து எறங்கி வந்து செருப்பாலயே அடிப்பாரு. உங்கள அடிக்கமாட்டாரு, மருமக. என்னத்தான் அடிப்பாரு."

தெருவில் பத்துப்பேர் சேர்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர், "சரியாச் சொன்னான். கல்யாண வீடு" என்றார். குவாட்கிம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹாக்செங் வண்டிக்குள் ஏறினான். வண்டி அவன் பக்கம் சாய்ந்தது. தியன் அவனை ஏறெடுத்துப் பார்க்காமல் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையக் கொஞ்சம் நிறுத்து."

தியன் நிறுத்தவில்லை.

"நிறுத்துப்பா. பைக்குள்ள இருக்கற காத்து எனக்கு வேணாம். அவ காத்து இருக்கான்னு பாக்கணும்."

தியனின் கைகள் நின்றன. பையை மடியில் வைத்துக்கொண்டான். விரல்கள் மட்டும் தானாக மடங்கி விரிந்துகொண்டிருந்தன. ஹாக்செங் முகமூடியைத் தூக்கிவிட்டு, வலது கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தை அவள் மூக்குக்குக் கீழே வைத்தான். நான் கதவருகில் நின்றிருந்தேன். அவன் முகம் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

நேரம் போயிற்று. மெஷின் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. அவன் கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ என் வாத்துகளத் திட்டினவ" என்றான் மெதுவாக. எனக்குச் சொன்னானா, தனக்குச் சொன்னானா தெரியவில்லை. "வாசல்ல அசிங்கம் பண்ணுதுன்னு அவ பாஷையில ஒரு கத்து கத்துவா. நான் கூப்பிட்டா வராததுங்க, இவ கத்தினா வரிசையாப் போகும்." கையை அவள் கன்னத்தில் வைத்தான். உடனே எடுத்தான்.

"இருக்கு" என்றான்.

தியன் நிமிர்ந்து பார்த்தான்.

"லேசாத்தான் இருக்கு. அண்ணி, சீக்கிரம் வாங்க. உள்ள போற வரைக்கும் தாங்கும்." தியனைப் பார்த்து அதட்டினான். "நீ ஏன்யா நிறுத்திட்ட? அமுக்கு."

எதிர்வீட்டுக் கிழவர் ஒரு அடி முன்னால் வந்து, "நெசமா இருக்கா?" என்று கேட்டார்.

"நான் பொய் சொல்றேனா? வேணும்னா நீ ஏறி மூக்குல கைய வச்சுப் பாரு." கிழவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

நான்கு பேராகத் தூக்கினோம். ஹாக்செங் தலைப்பக்கம் பிடித்தான். வாசற்படியைத் தாண்டும்போது தியன், "குய்லான், படி உயரம், காலத் தூக்கி வையி" என்றான். குவாட்கிம் அவளுடைய ஊர்ப் பேச்சு தெரியாமலே, "வா, வாம்மா, உன் வீடுதான்" என்று எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓரத்து அறையில் புதுப் பாய் விரித்திருந்தது. படுக்கவைத்தோம். குவாட்கிம் அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவள் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் எல்லாம் நிதானமாகத் துடைத்துவிட்டு, தியனின் கையைப் பிடித்து அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போதும் தம்பி. இப்பத்தான் போனா" என்றாள். பிறகு முற்றத்துக்குக் கேட்கும்படி, "வீட்டுலதான் போனா. அவ பாயில படுத்து, நல்லபடியாப் போனா" என்றாள். வெளியே சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

தியன் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான். ரயில் சத்தத்துக்கு மேலாகக் கேட்பதற்காகச் சத்தமாகப் பேசினான். "அம்மா வீட்டுல இருக்கா. ஆமா, வீட்டுலதான். நீ நேரா வீட்டுக்கு வந்துரு." அந்தப் பக்கம் என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. அவன், "இல்ல, வலி ஒண்ணும் இல்ல. நடந்துதான் வந்தா" என்றான். பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் வெளியே வந்தேன். வாசலோரம் மாதுளைச் செடி இருந்தது, இங்கே எல்லா வாசலிலும் இருப்பதுதான். ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, நாலைந்து கொப்பைக் கிள்ளிப் போட்டேன். தீட்டுக் கழியத் துக்கத்துக்கு வந்துபோகிறவர்கள் அந்தத் தண்ணீரைத் தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டால் போதும். உயிர் போன உடம்பைத் தொட்டவர்கள் கையை முழுக்கக் கழுவவேண்டும், உயிர் போன வண்டியையும் கழுவவேண்டும். வழக்கமாக நான் உயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், வண்டியைக் கழுவ வேலை இருக்காது. துணியை நனைத்துப் பின்பக்கத்தைத் துடைக்கத் தொடங்கிய பிறகுதான், பார்க்கிறவர்களுக்கு இது என்ன சொல்லும் என்று உறைத்தது. கைகள் அப்படியே நின்றன.

ஹாக்செங் பூட்ஸ் சத்தத்தோடு பின்னால் வந்து நின்றான். வாளியைப் பார்த்தான்.

"உசிரோடதான கொண்டாந்த? எல எதுக்கு?"

"தூசி" என்றேன்.

"ம். பாலத்துப் பக்கம் தூசி ஜாஸ்திதான்."

அவன் குந்தி உட்கார்ந்தான். தெருவில் கூட்டம் கலைந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, கையை வாளிக்குள் விட்டான். விரல் விரலாக, நகத்தைச் சுற்றி, மணிக்கட்டு வரை, சின்னப் பிள்ளைக்குக் கழுவிவிடுகிற மாதிரி மெதுவாகக் கழுவினான். நான் வேறு பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் எந்தத் தேதி?" என்று கேட்டேன்.

"தள்ளி வச்சுக்கலாம். பொண்ணு வீட்டுல ஏதாவது ஒரு காரணம் சொல்லுவேன். எனக்கு மூட்டுவலின்னு சொன்னா போதும், அவங்களும் கேட்டுக்குவாங்க." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, சம்பந்தமே வேணாம்னு போயிட்டாங்கன்னா, அதுவும் போகட்டும். என் பையன கட்டிக்கிட்டு அது என்ன சொகத்தக் காணப்போகுது" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

உள்ளே குவாட்கிம் யாரையோ மெழுகுவத்தி எடுத்துவரச் சொன்னது கேட்டது. அவன் எழுந்து போகவில்லை. கழுவிய கையைச் சட்டையிலோ கால்சட்டையிலோ துடைத்துக்கொள்ளாமல், விரல்களை விரித்தபடி முழங்கால் மேல் வைத்திருந்தான். மணிக்கட்டில் ஒரு மாதுளை இலை ஒட்டியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து உப்புக் காற்று தெருவுக்குள் வந்தது. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக மண்ணில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டது. கை காயும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.